பாளையங்கோட்டையில் ஜப்பானியப் படம்: தன்னார்வத் திரைப்பட வட்டம் நடத்தும் முறை

சென்னையில் நடக்கும் உலகத் திரைப்பட விழாக்களில் படம் ஆங்கில சப்டைட்டிலோடு ஓடும். அங்கே வருகிறவர்களுக்கு அது பழகிப்போனது. அதே படத்தை அதே மாதிரி பாளையில் போட்டால் முதல் மாதம் நிறைந்த அறை மூன்றாவது மாதம் காலியாகிவிடும். ரசனை இல்லாததால் வருகிற வினை இல்லை இது. புதுமைப்பித்தனையும் வண்ணதாசனையும் வரிவரியாகப் படித்த ஊர் இது. காஞ்சனை திரைப்பட இயக்கம் இயங்கிய ஊர். ஆங்கில வரியைத் துரத்திப் படிக்கிற கண்ணால் நடிகரின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். ஆகவே வெளிநாட்டுப் படங்களை இங்கே கொண்டுவர நினைக்கும் தன்னார்வக் குழு தன் உழைப்பில் பாதியைத் தமிழ் சப்டைட்டிலுக்கு ஒதுக்க வேண்டும். மற்றதெல்லாம் காசு கொடுத்தால் வாடகைக்குக் கிடைக்கும். அது கிடைக்காது.

கீழே உள்ளவை ஜப்பானை எடுத்துக்காட்டாக வைத்து எழுதப்பட்டவை. கொரியா, ஜெர்மனி, ஈரான் எதுவானாலும் முறை ஏறக்குறைய இதுதான். கடிதம் போகும் முகவரி மாறும், அவ்வளவே.

ஒரு நாடு, எட்டுப் படம்

மாதம் ஒரு படம், எட்டு மாதம், ஒரே நாடு என்று வையுங்கள். இந்த மாதம் ஈரான், அடுத்த மாதம் பிரான்ஸ் என்று தாவினால் பார்வையாளர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரே நாட்டுப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றும் இடம், தரையில் அமர்ந்து சாப்பிடும் முறை, பெரியவர் முன் எவ்வளவு குனிகிறார்கள் என்பதெல்லாம் மூன்றாவது படத்திலேயே பழகிவிடும். அதற்குப் பிறகு மனிதர்கள் மட்டும்தான் கண்ணில் நிற்பார்கள். அமைப்பாளருக்கும் வேலை குறைவு: ஒரே தூதரகம், ஒரே கடிதத் தொடர்பு, ஒரே மொழிபெயர்ப்புக் குழு.

ஜூலையில் தொடங்கி பிப்ரவரியில் முடிப்பது நெல்லைக்குப் பொருந்தும். மார்ச், ஏப்ரலில் கல்லூரி அரங்கு கிடைக்காது, மாணவர்களும் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வருகிறவர்கள் குறைவார்கள். அந்த இரண்டு மாதத்துக்கும் குறைந்த நீளமுள்ள படங்களை வையுங்கள். அரங்கை உறுதி செய்யும் முன் பக்கத்துக் கோயில் கொடை எந்தத் தேதி என்று கேட்டுவிடுங்கள். குழாய் ஸ்பீக்கர் அலறும் மாலையில் மெல்லப் பேசும் ஜப்பானியப் படம் எடுபடாது.

முதல் படம் எது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். மிகப் புகழ்பெற்ற படத்தை முதலில் போட வேண்டும் என்று தோன்றும். எங்கள் பரிந்துரை, கனெட்டோ ஷிண்டோ 1960-இல் எடுத்த 'நேக்கட் ஐலண்ட்'. ஏறக்குறைய வசனமே இல்லாத படம், சுமார் 95 நிமிடம். தண்ணீர் இல்லாத சிறு தீவில் ஒரு கணவனும் மனைவியும் பக்கத்துத் தீவிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்து, காவடி மாதிரித் தோளில் சுமந்து, மேடேறிப் பயிருக்கு ஊற்றுகிறார்கள். நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குழுவுக்கும் சப்டைட்டில் சுமை இல்லாமல் திரை, ஒலி, கூட்டம் மூன்றையும் சோதித்துப் பார்க்க ஒரு மாதம் கிடைக்கும்.

இரண்டாவதாக அகிரா குரோசவாவின் 'இகிரு' (1952, 143 நிமிடம்). நகராட்சி அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவரைப் பற்றியது. அரசு ஊழியர்கள் நிறைந்த பாளையில் இதற்கு ஆள் சேரும். யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை (1953, 136 நிமிடம்) நான்காவது மாதத்துக்குத் தள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்க்கத் தலைநகருக்குப் போகும் வயதான பெற்றோரின் கதை அது. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய்வரும் அப்பா அம்மாக்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு என்றாலும், அதன் நிதானம் முதல் மாதத்திலேயே வந்தால் பலருக்குச் சோர்வு தரும். கண் பழகிய பிறகு அதே நிதானம்தான் அவர்களைக் கட்டிப்போடும்.

ஆட்களும் பதிவும்

ஏழு பேர் வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி சங்கத்தைப் பதிவு செய்யவும் குறைந்தது ஏழு பேர்தான் கணக்கு. சங்க விதிகளும் நிர்வாகக் குழுப் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். சிறு குழுவாகத் தொடங்கலாம். உறுப்பினர் எண்ணிக்கை 20-ஐத் தொட்டால் பதிவு கட்டாயம். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்குவது எளிது. இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று முதல் நாளே வைத்துவிடுங்கள். பதிவான பிறகு இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர முயலுங்கள். 1959-இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய அமைப்பு அது. பிற ஊர்ச் சங்கங்களின் தொடர்பும், எந்தப் படம் எங்கே கிடைக்கும் என்ற தகவலும் அங்கேதான் கிடைக்கும்.

வேலைப் பிரிவினை: கடிதப் போக்குவரத்துக்கு ஒருவர், சப்டைட்டிலுக்கு மூவர், கருவிகளுக்கு ஒருவர், அரங்குக்கும் விளம்பரத்துக்கும் ஒருவர், கணக்குக்கு ஒருவர். ஒவ்வொரு வேலையையும் அரைகுறையாகவாவது தெரிந்த இரண்டாவது ஆள் இருக்க வேண்டும். இந்த மாதிரிச் சங்கங்கள் பெரும்பாலும் பணமில்லாமல் நிற்பதில்லை. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்த ஒருவருக்கு வேலை மாற்றல் வந்ததும் நின்றுபோகின்றன.

நுழைவுச்சீட்டு விற்காதீர்கள். விற்ற மறுகணம் அது வணிகக் காட்சி. இலவசமாகப் படம் கொடுத்தவரின் நிபந்தனையை மீறியதாகிவிடும். வாசலில் உண்டியல் வைப்பதைக்கூடச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. உறுப்பினர் சந்தாதான் சரியான வழி. 40 பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 4,000 ரூபாய். கல்லூரி அரங்கு சலுகையில் கிடைத்தால் சிறு காட்சியை இதற்குள் நடத்தப் பாருங்கள். தூதரகமோ வெளிநாட்டு நிறுவனமோ பணமாக உதவ முன்வந்தால் நிதானியுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக்கூடாது. படத்தை இரவல் கொடுங்கள், கூரியர் செலவை நீங்களே நேரடியாகக் கட்டிவிடுங்கள் என்று கேட்பது பாதுகாப்பு.

கடிதமும் உரிமையும்

கடையில் வாங்கிய டிவிடியோ ஓ.டி.டி. சந்தாவோ வீட்டில் பார்க்க மட்டுமே. பத்துப் பேரைக் கூட்டிப் போட்டுக் காட்ட தனி அனுமதி வேண்டும். போதாக்குறைக்கு, ஜப்பானில் வாங்கிய டிவிடி மண்டலம் 2, இந்தியக் கருவி மண்டலம் 5. காட்சி நாளன்று போட்டால் ஓடாது.

மூன்று, நான்கு மாதம் முன்னதாக எழுதுங்கள். ஜப்பானுக்குச் சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறது. புதுடெல்லியில் ஜப்பான் பவுண்டேஷன் இருக்கிறது. வணிக நோக்கமில்லாத காட்சிகளுக்கு இரவல் கொடுக்கும் படத்தொகுப்பு ஜப்பான் பவுண்டேஷனிடம் உண்டு. நீங்கள் கேட்கும் படம் அதில் இல்லையென்றால் உரிமையாளரிடம் போக வேண்டும்: 'டோக்கியோ ஸ்டோரி' ஷோச்சிகு நிறுவனத்தின் படம், 'இகிரு' டோஹோவின் படம். நேரடியாகக் கேட்டால் கட்டணம் வரும். அதனால் முதல் வருடம் பவுண்டேஷனின் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள். இதே போல ஜெர்மன் படங்களுக்குச் சென்னை கதே நிறுவனம், பிரெஞ்சுப் படங்களுக்கு அலையன்ஸ் பிரான்சேஸ், கொரியப் படங்களுக்கு இன்கோ சென்டர்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சங்கத்தின் பதிவு எண், தேதி, அரங்கின் பெயர், இருக்கை எண்ணிக்கை, புரொஜக்டரின் விவரம், கட்டணம் இல்லை என்ற உறுதி, போஸ்டரில் அவர்கள் சின்னம் இடம்பெறும் என்ற உறுதி, கூரியர் செலவு யாருடையது: இவ்வளவும் இருக்கட்டும். பலரும் எழுத மறப்பது ஒன்று உண்டு. தமிழில் சப்டைட்டில் செய்ய எழுத்துப்பூர்வமான அனுமதியை இந்த முதல் கடிதத்திலேயே கேளுங்கள். மொழிபெயர்ப்பு உரிமையும் பட உரிமையாளருடையதுதான். கூடவே ஆங்கில சப்டைட்டில் கோப்பையோ வசனப் பட்டியலையோ அனுப்பச் சொல்லுங்கள். படம் கைக்கு வந்த பிறகு கேட்டால் பதில் வரும்போது காட்சி நாள் கடந்திருக்கும்.

தணிக்கைச் சான்று இன்னொரு விஷயம். திரைப்படச் சட்டம் 1952-இன்படி பொதுக் காட்சிக்கு இந்தியச் சான்று வேண்டும். அதன் 9-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் தருகிறது. விழாக்களில் காட்டப்படும் சான்றில்லாத படங்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன. படம் தருகிறவரிடம் சான்றோ விலக்கு ஆணையோ இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். காட்சி விவரத்தைப் பகுதிக் காவல் நிலையத்துக்குக் கடிதமாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

கல்லூரிகளுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. பார்வையாளர்கள் அந்தக் கல்லூரியின் மாணவர், ஆசிரியர், பெற்றோர், கல்லூரிப் பணியோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால், கல்லூரி தன் செயல்பாடாகப் படம் காட்டலாம். ஊருக்குக் கதவைத் திறந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கல்லூரி அரங்கில் நடக்கிறது என்பதாலேயே எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள்.

தமிழ் சப்டைட்டில்

நூறு நிமிடப் படத்தில் சுமார் ஆயிரம் வரிகள் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகியவர் ஒரு மணி நேரத்தில் 60, 70 வரி செய்வார். மூன்று பேர் பிரித்துச் செய்தால் இரண்டு வார மாலைகளில் முடியும். திருத்தத்துக்கு இன்னொரு வாரம். ஆக, காட்சிக்கு ஒரு மாதம் முன்பு கோப்பு கையில் இருக்க வேண்டும்.

முதல் வேலை, திரையிடப் போகும் அதே படக் கோப்போடு ஆங்கில வரிகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃபிரேம் வேகம் வேறு என்று பொருள். நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் செய்த வரிகளை 25 ஃபிரேம் கோப்பில் போட்டால் நிமிடத்துக்கு இரண்டரை நொடி விலகும். பத்து நிமிடத்தில் 25 நொடி. ஒருவர் அழுது முடித்த பிறகு அவர் அழும் காரணம் திரையில் வரும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவில் விலகினால் மொத்தமாக முன்னே பின்னே நகர்த்தினால் போதும். இந்த இரண்டையும் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

அடுத்து படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்து முறைப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். யார் யாருக்கு அண்ணன், யார் தம்பி, மருமகள் மாமியாரை எப்படி அழைக்கிறாள், கடைநிலை ஊழியர் மேலாளரிடம் எப்படிப் பேசுகிறார். ஆங்கில வரியில் எல்லாம் ஒரே பொதுச்சொல்லாகத் தட்டையாகியிருக்கும். ஜப்பானியத்தில் மூத்தவர், இளையவர் வேறுபாடு தெளிவாக உண்டு, தமிழிலும் உண்டு. நடுவில் வரும் ஆங்கிலத்தில்தான் தொலைகிறது. ஜப்பானியம் படித்த ஒருவரிடம் இந்தப் பட்டியலை மட்டும் காட்டிச் சரிபார்த்தால் போதும், முழுப் படத்தையும் அவர் தலையில் கட்ட வேண்டாம். பட்டியல் இல்லாமல் மூன்று பேர் பிரித்துக்கொண்டால் முதல் அரை மணி நேரத்தில் 'வாங்க' என்றவர் அடுத்த அரை மணியில் 'வா' என்பார்.

பிரிக்கும்போது நேரத்தால் பிரியுங்கள்: முதல் 35 நிமிடம் ஒருவர், அடுத்தது ஒருவர். பாத்திரவாரியாகப் பிரித்தால் உரையாடல் ஒட்டாது. கடைசியில் ஒரே ஆள் உட்கார்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை சீர்படுத்த வேண்டும்.

நீளத்துக்கு நாங்கள் சொல்லும் அளவு: ஒரு வரியில் 30 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, நொடிக்கு 12 எழுத்து. உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவும் புள்ளி வைத்த மெய்யை ஓர் எழுத்தாகவும் எண்ணுங்கள். இரண்டு நொடி நிற்கும் வசனத்துக்கு 24 எழுத்து, அவ்வளவுதான். ஒரு நொடிக்குக் குறைவாக எந்த வரியும் வரக்கூடாது, ஆறு நொடிக்கு மேல் நிற்கவும் கூடாது. நின்றால் பார்வையாளர் அதையே மறுபடி படிப்பார். காட்சி வெட்டும் இடத்தைத் தாண்டி வரி நீண்டாலும் இதே கதைதான்.

இந்த அளவுக்குள் அடக்க எழுத்துத் தமிழைவிடப் பேச்சுத் தமிழ் உதவும். 'வருகிறார்கள்' ஏழு எழுத்து, 'வர்றாங்க' ஐந்து. ஆனால் நெல்லை வழக்கு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. டோக்கியோக்காரர் வாயில் 'ஏலே' வந்ததும் அறை சிரிக்கும், அது மரணப் படுக்கைக் காட்சியாக இருந்தாலும் சிரிக்கும். எல்லா ஊருக்கும் பொதுவான, சாயல் தெரியாத பேச்சுத் தமிழ் போதும். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவும் தேவையில்லை. 'ஆமா', 'சரி', வணக்கம் சொல்லிக் குனிவது இவையெல்லாம் முகத்திலேயே தெரிகின்றன. விட்டுவிட்ட ஒவ்வொரு வரிக்கும் பார்வையாளருக்கு ஒரு நொடி முகம் பார்க்கக் கிடைக்கிறது. அதே நேரம் கதைக்குத் தேவையான கடிதம், பெயர்ப்பலகை, செய்தித்தாள் தலைப்பு ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. வசனம் இல்லாததால் அவை அடிக்கடி விடுபடும்.

முடிந்ததும் படத்தைப் பார்க்காத ஒருவரை உட்காரவைத்து ஒலி இல்லாமல் ஓட்டுங்கள். அவர் எங்கெல்லாம் வரியை முடிக்கவில்லையோ அங்கெல்லாம் சுருக்குங்கள்.

கோப்பை எஸ்.ஆர்.டி. வடிவில் (வரிகளும் அவை வரும் நேரமும் மட்டும் உள்ள எளிய உரைக் கோப்பு), யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் திரை முழுக்கக் கேள்விக்குறியாக வரும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தடித்த, எளிய ஒன்று. பழைய பிளேயர்களிலும் டிவியின் யூ.எஸ்.பி. வழியிலும் 'கொ', 'கெ' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி விழும், அல்லது வெறும் கட்டம் தெரியும். ஆகவே எந்தக் கணினியில் ஓட்டப் போகிறீர்களோ அதே கணினியில், அதே பிளேயரில் முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம். கறுப்பு வெள்ளைப் படத்தில் பனியோ வெள்ளைச் சுவரோ அதிகம் வந்தால் இளமஞ்சள் எழுத்து நல்லது.

படத்தில் ஆங்கில வரி ஏற்கெனவே பதிந்திருந்தாலோ, கோப்பைத் தொடக்கூடாது என்று உரிமையாளர் சொன்னாலோ, இரண்டாவது புரொஜக்டர் வழி இருக்கிறது. திரைக்குக் கீழே 12 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு வெள்ளைத் துணிப் பட்டை கட்டுங்கள். தமிழ் வரிகளைக் கறுப்புப் பின்னணியில் ஸ்லைடுகளாக்கி, ஒருவர் படத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தி நகர்த்துவார். கறுப்பு ஸ்லைடிலிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்து திரையைச் சாம்பல் ஆக்கும். அட்டையில் பட்டை அளவுக்கு ஓட்டை வெட்டி லென்ஸ் முன் நிறுத்தினால் கசிவு அடங்கும். ஸ்லைடு மூலையில் சிறிதாக வரிசை எண் போட்டு, அதே எண்ணோடு அச்சிட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி தவறினால் எண்ணைப் பார்த்துத் தாவலாம். அழுத்துகிறவருக்கு முழுப் படமும் இரண்டு ஒத்திகை வேண்டும். இது களைப்பு தரும் வேலைதான், ஆனால் நல்ல கை அமைந்தால் பதிந்த சப்டைட்டிலைவிடத் துல்லியமாக வரும்.

அறை, திரை, ஒலி

80 முதல் 100 பேர் அமரும் அரங்குக்கு 12 அடி அகலம், ஆறே முக்கால் அடி உயரத் திரை போதும். பரப்பு 81 சதுர அடி. திரையரங்கு ஒளியளவான 14 ஃபுட் லாம்பர்ட்டுக்குச் புரொஜக்டர் சுமார் 1,130 லூமன் ஒளி தர வேண்டும். ஆனால் அதன் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமன் மிகப் பிரகாசமான நிலையில் எடுத்தது. சினிமா நிலையில் பாதி குறையும், ஜன்னல் கசிவு இன்னும் கொஞ்சம் தின்னும். ஆகவே 3,500 லூமன் கேளுங்கள். எறிதூர விகிதம் (திரைக்கு உள்ள தூரம் திரை அகலத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1.5 என்றால் புரொஜக்டர் திரையிலிருந்து 18 அடியில் இருக்கும். நாற்காலி போடும் முன் அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் அரங்குகள் பெரும்பாலும் சமதளத் தரை. முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலைத்தான் முதலில் மறைக்கும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஐந்து அடி உயரத்தில் இருக்கட்டும். நாற்காலிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, முன்னிரண்டின் இடைவெளியில் பின்னது வருமாறு போடுங்கள். எழுத்தின் உயரம் இந்தத் திரையில் நான்கு அங்குலம். 'நேக்கட் ஐலண்ட்' போன்ற அகலத்திரைப் படத்தில் மேலும் கீழும் முக்கால் அடிக்கு மேல் கறுப்புப் பட்டை விழும். எப்போதாவது வரும் எழுத்தை அங்கே இறக்கிவிடலாம்.

1950-களின் முற்பகுதிப் படங்கள் 1.37:1 (அகலம்:உயரம்) விகிதத்தில் இருக்கும். அகலம் ஒன்பதேகால் அடியளவு நின்று இருபுறமும் கறுப்பு விழும். 'திரை நிறையவில்லையே' என்று யாராவது இழுத்து நிரப்பச் சொல்வார்கள். செய்யாதீர்கள், முகங்கள் அகன்று, ஓசு அங்குலம் அங்குலமாக அளந்து வைத்த சட்டகம் கெட்டுப்போகும். சில புரொஜக்டர்கள் தாமாகவே இழுக்கும். காட்சிக்கு முன் ஒரு வட்டத்தின் படத்தைப் போட்டு, அது வட்டமாகவே தெரிகிறதா என்று பாருங்கள்.

மைக்செட்காரரிடம் ஸ்பீக்கர் எடுத்தால் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் போதும், திரையின் இருபுறமும் காது உயரத்தில். கல்யாண வீட்டுக்கு வைத்த எக்கோ மிக்சரில் அப்படியே இருக்கும்; அதை முதலில் அணைக்கச் சொல்லுங்கள். இசை கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை என்றால் கோப்பு 5.1 ஒலியில் இருக்கிறது: வசனம் நடுச் சேனலில் தங்கி, இடம் வலம் மட்டும் வெளியே வருகிறது. பிளேயரில் ஸ்டீரியோவாகக் கலக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சுவிட்ச் போர்டில் செருகுங்கள், பெரும்பாலும் அடங்கும்.

விளக்கு வகைப் புரொஜக்டருக்குத் திடீர் மின்வெட்டு ஆகாது. குளிர்விசிறி நின்று விளக்கு கெடும். 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று வைத்தால், ஜெனரேட்டர் எடுக்கும் வரை தாங்கும் அல்லது முறையாக அணைக்க நேரம் கிடைக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வரும். ஒத்திகை நாளுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

சில நிறுவனங்கள் டி.சி.பி. எனப்படும் திரையரங்குக்கான டிஜிட்டல் வடிவில் மட்டுமே தரும். அதற்குத் திரையரங்கே வேண்டும். பூட்டிய டி.சி.பி.க்கு ஒரு திறவுச் சாவி வரும். அது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே வேலை செய்யும். திரையரங்கின் சர்வர் சான்றிதழை இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். சாவியின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 18:00 மணிக்குத் திறக்கும் என்று எழுதியிருந்தால் நம் கடிகாரத்தில் அது இரவு 11:30.

பேசாத படத்துக்கு ஒரு பேச்சாளர்

ஜப்பானில் மௌனப் படக் காலத்தில் பென்ஷி என்ற கதைசொல்லிகள் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். படத்தில் நடித்தவரைவிடப் பென்ஷிக்காகவே கூட்டம் வந்ததுண்டு. 1930-களின் நடுப்பகுதி வரை அங்கே மௌனப் படங்கள் எடுக்கப்பட்டதற்கு அவர்களின் செல்வாக்கும் ஒரு காரணம். ஓசுவின் முதல் பேசும் படமே 1936-இல்தான் வந்தது.

வில்லுப்பாட்டு ஊறிய மண்ணில் இதைச் செய்யாமல் விடக்கூடாது. எட்டில் ஒன்று மௌனப் படமாக இருக்கட்டும். சிறுவர்கள் நடித்த ஓசுவின் 1932-ஆம் வருடப் படம் 'ஐ வாஸ் பார்ன், பட்' நல்ல தேர்வு. சப்டைட்டிலே வேண்டாம், எழுத்து அட்டைகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். கூத்திலோ வில்லிலோ பழகிய ஒருவரை அழைத்து மூன்று முறை படத்தைக் காட்டுங்கள். அட்டை வரும் நேரத்தில் மட்டும் பேச வேண்டிய வரிகள் ஒரு தாளிலும், இடையில் அவர் விருப்பத்துக்குப் பேசலாம் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட இடங்கள் வேறு நிறத்திலும் இருக்கட்டும். வில்லுப்பாட்டுக்காரர் கூட்டம் சிரிக்கச் சிரிக்க நீட்டிக்கொண்டே போவார். அது அந்தக் கலையின் இயல்பு. படம் காத்திருக்காது என்பதை ஒத்திகையில்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். மைக் கையில் வேண்டாம், நிற்கும் ஸ்டாண்டில் இருக்கட்டும். அவர்மேல் விழும் விளக்கு திரையில் படாமல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இதற்கும் படம் தருபவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள்.

காட்சி நாள்

இரண்டாவது ஞாயிறு, மாலை 4 மணி. இகிரு போன்ற நீண்ட படம் என்றாலும் பத்து நிமிட இடைவேளையோடு ஆறே முக்காலுக்குள் முடியும், பேச்சு ஏழேகாலுக்குள் முடியும். பெண்கள் வர வேண்டுமென்றால் இந்த நேரம்தான் சரி. கூடவே கழிப்பறை சுத்தமாக, விளக்கெரிய இருக்க வேண்டும். வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்பை, தென்காசி, வள்ளியூருக்கு எத்தனை மணி வரை வண்டி என்பதை நோட்டீஸிலேயே போடுங்கள். நோட்டீஸில் பெரிய எழுத்து படத்தின் பெயருக்கு வேண்டாம், 'தமிழ் சப்டைட்டில் உண்டு' என்பதற்கு. மாவட்ட மைய நூலகம், கல்லூரி அறிவிப்புப் பலகைகள், டீக்கடைகள், நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதி: நான்கும் சேர்ந்தால் போதும்.

காலை பத்து மணிக்குத் திரை கட்டி, மதியத்துக்குள் முதல் பத்து நிமிடம், நடுவில் பத்து நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். விலகல் இருந்தால் கடைசிப் பத்தில்தான் தெரியும். வி.எல்.சி. பிளேயரில் 'ஜி', 'எச்' விசைகள் வரியை 50 மில்லிநொடி முன்னும் பின்னும் நகர்த்தும். இயக்குபவர் அதைப் பழகியிருக்க வேண்டும். மடிக்கணினியின் உறக்க நிலை, அப்டேட், வாட்ஸ்அப் அறிவிப்பு எல்லாவற்றையும் அணையுங்கள்.

முன்னுரை ஐந்து நிமிடம். இயக்குநர் பெயர், வருடம், பார்வையாளருக்குத் தெரியாத ஒரே ஒரு வழக்கம், கதை வேண்டாம். பேச்சாளர் மைக்கைப் பிடித்து அரை மணி பேசினால் படம் பார்க்க வந்தவர் களைத்துப்போவார். படத்துக்குப் பிறகுதான் பேச்சுக்கு இடம். ரசிகமணி டி.கே.சி.யின் இலக்கியக் கூடலான வட்டத்தொட்டி போல நாற்காலிகளை வட்டமாக்கிவிடுங்கள், மேடை வேண்டாம். கருப்பட்டிக் காபி கைக்கு வந்ததும் முதலில் பேசுகிறவர் சங்கத்துக்காரராக இருக்கக் கூடாது. 'எந்த இடம் புரியவில்லை?' என்று தொடங்கினால் வாய் திறக்கிறார்கள், 'படம் எப்படி?' என்று கேட்டால் 'நல்லாருந்துச்சு' என்பதோடு நின்றுவிடும். புரியாத இடங்களைச் சப்டைட்டில் குழு எழுதிக்கொள்ளட்டும். பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பின் குறையாகத்தான் இருக்கும்.

முடிந்த பிறகு

இரண்டு வாரத்துக்குள் படம் தந்தவருக்கு அறிக்கை அனுப்புங்கள்: வந்தவர் எண்ணிக்கை, நான்கு புகைப்படம், நாளிதழ்ச் செய்தி, பார்வையாளர் கருத்து ஐந்தாறு வரி. எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். 35 பேர் வந்து ஒரு மணி நேரம் பேசினார்கள் என்பது அவர்களுக்கு மதிப்பான செய்திதான். டிரைவைப் பதிவுக் கூரியரில் திருப்பி, ரசீதின் படத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கணினியில் நகல் இருந்தால் அழித்து, அழித்ததையும் எழுதுங்கள். அடுத்த படத்துக்கான கடிதம் இதோடு சேர்ந்தே போகட்டும்.

தமிழ் சப்டைட்டில் கோப்பு மட்டும் உங்களிடம் தங்கும். உரிமையாளர் அனுமதி அந்த அளவுக்கு இருந்தால் கோவில்பட்டி, நாகர்கோவில், மதுரைச் சங்கங்களுக்கும் கொடுங்கள். கோப்பின் பெயரிலேயே படத்தின் பெயர், மொத்த நிமிடம், ஃபிரேம் வேகம், முதல் வசனமும் கடைசி வசனமும் வரும் நொடி ஆகியவற்றை எழுதிவிட்டால், வேறு ஊர்க்காரர் தங்கள் கையிலுள்ள படத்தோடு அது பொருந்துமா என்று ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்.